மதகுருவைக் குறிக்கும் ஊர்ச்சொல்: பொருளும் வேரும் தேடும் முறை, படிப்படியாக

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஒரு பஸ்ஸில் காது கொடுத்து இருந்தால் போதும். சாமி, பாதர், ஐயர், கட்டாடியார், கப்புகனார் (இருவரும் கோயில் பூசகர்), மௌலவி, லெவ்வை, மோதினார் (பாங்கு சொல்பவர்), ஆமதுரு (பௌத்த பிக்கு) என்று நாலு சமயத்துக் குருமாரும் பேச்சில் வந்து போவார்கள். இந்தச் சொற்களில் ஒன்றை எடுத்து ஒப்படை எழுத வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "இதின்ர வேர்ச்சொல் என்ன?" என்பதுதான். வேலை பிழைப்பதும் அங்கேதான். பொருள் உறுதியாகாத சொல்லுக்கு வேர் தேடினால் எந்த வேரும் பொருந்தும். ஆகவே கீழே உள்ள வரிசையில் பொருள் முன்னுக்கும் வேர் பின்னுக்கும் வருகின்றன. வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு கட்டு வெற்று அட்டை, ஒலிப்பதிவு செய்யக்கூடிய தொலைபேசி, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டங்களின் பிரதேச செயலகப் பிரிவுகளைக் காட்டும் வரைபடம். இவ்வளவு போதும்.

அட்டை எதற்கு என்றால், ஒரு சொல்லை ஒருவர் ஒரு தடவை சொன்னதற்கு ஓர் அட்டை. கொப்பியில் தொடர்ச்சியாக எழுதினால் பிறகு இடவாரியாகப் பிரிக்க முடியாது. அட்டையைப் பிரித்து அடுக்கலாம்.

வரைபடத்துக்கும் காரணம் உண்டு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய எழுத்தில் 'மட்டக்களப்பு வழக்கு' என்று இருந்தால் அது வாகரையாகவும் இருக்கலாம், பொத்துவிலாகவும் இருக்கலாம். பழைய குறிப்பை இன்றைய மாவட்ட எல்லைக்குள் அடைத்துவிடாதீர்கள்.

2. ஒரு சொல்லை எடுங்கள், அதன் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள்

'மதகுருமாரின் பெயர்கள்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வருபவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். ஒரு சொல் போதும். அந்த ஒன்றுக்கு எத்தனை வடிவம் இருக்கிறது என்று பாருங்கள்: பாதிரி, பாதிரியார், பாதிரிமார்; லெப்பை, லெவ்வை; மோதின், மோதினார்; ஆமதுரு, ஹாமதுரு.

அடுத்து, மரியாதை விகுதியைக் கழற்றி வையுங்கள். '-ஆர்' சொல்லின் வேரில் சேராது. அது நம் ஊர் போட்ட சால்வை. கப்புகனார் என்பதற்குள் கப்புகன் இருக்கிறது, மோதினாருக்குள் மோதின் இருக்கிறது. 'குருக்கள்' என்பதில் உள்ள '-கள்' கூட ஒருவரையே குறிக்கும் மரியாதைப் பன்மை. இதைக் கழற்றாமல் வேர் தேடியவர்கள் 'தினார்' என்ற காசுவரைக்கும் போயிருக்கிறார்கள்.

மறுவளமும் கவனியுங்கள். 'உலமா' என்பது அரபியில் ஏற்கெனவே பன்மை, ஒருமை 'ஆலிம்'. நாம் 'உலமாக்கள்' என்று இன்னொரு பன்மை சேர்க்கிறோம். அது பிழை என்று திருத்துவது உங்கள் வேலையல்ல. ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் அப்படியே எழுதுங்கள், ஒருமை எது என்ற குறிப்போடு.

3. யார், யாரை, யாரிடம் சொல்கிறார்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பொருள் என்பது 'மதகுரு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிவதில்லை.

ஒவ்வோர் அட்டையிலும் மூன்று விடயம் இருக்க வேண்டும். சொன்னவர் எந்தச் சமூகத்தவர், ஏறத்தாழ என்ன வயது. யாரைப் பற்றிச் சொன்னார். அந்தக் குருவின் முகத்துக்கு நேரே சொன்னாரா, இல்லாத இடத்தில் சொன்னாரா. மூன்றாவதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். விட்டால் பொருளில் பாதி போய்விடும்.

உதாரணமாக, கத்தோலிக்கக் குருவை நேரில் 'பாதர்' என்பார்கள். வயதானவர்கள் 'சாமி' என்பார்கள். 'பாதிரியார்' என்று யாரும் கூப்பிடுவதில்லை. அது பேசப்படும் சொல், விளிக்கும் சொல் அல்ல. அதையும் விகுதி இல்லாமல் 'பாதிரி' என்றால் மரியாதை ஒரு படி இறங்கிவிடும். பெரும்பாலும் அதைச் சொல்பவர் சபைக்கு வெளியே நிற்பவர். இந்த மூன்று வரிதான் 'பாதிரி'யின் உண்மையான பொருள். 'கிறிஸ்தவ மதகுரு' என்பது அதன் எலும்பு மட்டும்.

மௌலவியும் அப்படியே. மத்ரசாவில் ஓதிக்கொடுப்பவரை மாணவன் 'ஹஸரத்' என்று விளிப்பான், வீட்டுக்கு வந்து 'எங்கட மௌலவி' என்பான். சிங்களத்தில் 'ஹாமுதுருவனே' என்று விளிப்பு வடிவம் தனியாக இருக்கிறது. தமிழ்ப் பேச்சுக்குள் வந்தது பெயர் வடிவம் மட்டும். கட்டாடியாரை ஊரவர்கள் நேரில் மாமா, அப்பா என்று முறைசொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. அவர் அதே ஊர்க்காரர்தானே.

'சுவாமி' என்ற சொல்லில் இன்னொரு பாடம் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947) இராமகிருஷ்ண மிஷன் துறவி. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) கத்தோலிக்கக் குரு. அவரே பெரிய சொல்லாராய்ச்சிக்காரர். ஒரே காலம், ஒரே பட்டம், இரண்டு சமயம். 'சுவாமி: இந்துத் துறவி' என்று எழுதிவிட்டுப் போனால் பதிவு பிழை.

4. கேட்கும் விதம்

"பாதிரி எண்டா என்ன?" என்று கேட்காதீர்கள். சொல்லை நீங்களே வாயில் போட்டுவிட்டால் அவர் உங்களுக்குப் பிடித்த விடையைத்தான் தருவார். செயலைக் கேளுங்கள். "முந்தி உங்கட ஊருக்குப் பூசைக்கு யாரு வாறவங்க?" என்று கேட்டால், "புளியந்தீவிலிருந்து சாமிதான் வருவாரு மனே" என்று சொல் தானாக வரும். கத்தம் ஓதியது யார், சடங்கில் தெய்வம் ஏறி வாக்குச் சொன்னது யார், பிள்ளைக்கு நூல் கட்டியது யார் என்பவையும் இப்படியான கேள்விகள்தான்.

நேரம் பார்த்துப் போங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது கட்டாடியாரிடம் சொல்லாராய்ச்சி பேச முடியாது. சடங்கின் கடைசியான குளிர்த்தி முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு போனால் நிதானமாகக் கதைப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன், அதில் பிரசங்கம் செய்யும் கதீபைப் பிடிக்காதீர்கள், ஞாயிறு காலை பாதரைப் பிடிக்காதீர்கள்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குருமாரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு திரியும் அந்நியரை எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். தகவல் தந்தவரின் பெயர் அட்டையில் வேண்டாம், வயதும் ஊரும் போதும்.

5. ஊர் மாறினால் பொருள் மாறுகிறதா

அட்டைகளை இப்போது ஊர்வாரியாக அடுக்குங்கள். ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு ஆளைக் காட்டினால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு.

கட்டாடி என்பது நல்ல உதாரணம். மட்டக்களப்பில் கட்டாடியார் அம்மன் கோயில் பூசகர், மதிப்புள்ள பொறுப்பு. யாழ்ப்பாணப் பக்கம் அதே சொல் சலவைத் தொழில் செய்தவரைக் குறித்தது. யாழ்ப்பாண அகராதிப் பொருளை எடுத்துக்கொண்டு வந்து இங்கே ஒட்டிய ஒப்படைகளைப் பார்த்திருக்கிறேன். அது பிழை மட்டுமல்ல, தகவல் தந்தவரை அவமதிப்பதும் ஆகும். இரண்டும் ஒரு சொல்லா, ஒலி ஒத்த இரு சொற்களா என்பதை இந்தப் படியில் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு பொருளையும் இரண்டு ஊரோடு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

லெப்பையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அது ஒரு சமூகத்தின் பெயர். இலங்கையில் ஓதிக்கொடுப்பவரையும் பள்ளிவாசல் பணி செய்பவரையும் குறித்தது. பிறகு ஆட்பெயரின் பகுதியாயிற்று. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பையின் பெயரைப் பாருங்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் பெயர் இடாப்பைத் திறந்தால் 'லெவ்வை' என்று முடியும் பெயர்கள் வரிசையாக வரும். இன்று அந்தப் பெயருள்ளவர் மதகுரு என்று கொள்ள முடியாது. பட்டம் வேறு, பரம்பரைப் பெயர் வேறு என்று இரண்டு கட்டாக அட்டைகளைப் பிரியுங்கள்.

6. அகராதிக்குப் போவது இப்போதுதான்

முதலே போனால் அகராதி சொன்னதையே ஊரிலும் கேட்பீர்கள். அதனால்தான் ஆறாவதாக வைத்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் (1924–1936) முதலில். அதில் யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக் குறி உண்டு. அதற்கு முன் 1842இல் வந்த மானிப்பாய் அகராதியையும் 1862இல் வந்த வின்சுலோவையும் பாருங்கள். இரண்டிலும் யாழ்ப்பாணத்து உழைப்பு அதிகம். மட்டக்களப்பு வழக்கை இவற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சொல் இல்லையென்றால் 'அகராதியில் இல்லை' என்று எழுதுங்கள், 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று எழுதாதீர்கள். பழைய உள்ளூர் வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற இணையத் தளம் உதவும்.

7. ஒலி ஒன்று, சொல் இரண்டு

'பாதிரி தூய தமிழ்ச் சொல், சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது' என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். சங்க இலக்கியத்தில் இருப்பது உண்மை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே பாதிரி வருகிறது. ஆனால் அது மரம். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த அதே மரம். மரத்திலிருந்து மதகுருவுக்கு வரப் பொருள்வழி எதுவும் இல்லை. எழுத்து ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாடினால் இப்படித்தான்.

சோதிப்பது சுலபம். பழைய இடத்தில் வரும் சொல்லை முழு அடியோடு வாசியுங்கள். அங்கே அது ஆளையா, பூவையா, பொருளையா குறிக்கிறது? தனிச்சொல்லாகத் தேடி எண்ணிக்கையைக் காட்டுவதில் பயனில்லை.

8. அயல்மொழிகளை வரிசையாக வையுங்கள்

ஒரு கடன்சொல் பெரும்பாலும் ஒரு மொழிக்கு மட்டும் வருவதில்லை. பக்கத்து மொழிகள் எல்லாவற்றிலும் தடம் இருக்கும். சிங்களத்தில் 'பாதிலி', இந்தியில் 'பாத்ரி', மலாயில் 'பதெரி'. போர்த்துக்கேயர் கால் வைத்த கரையெல்லாம் இந்தச் சொல் கிடக்கிறது. மூலம் 'பாத்ரெ', அதற்கும் மூலம் இலத்தீனின் 'பாத்தெர்', அதாவது தந்தை.

ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் 'பாத்ரே' உண்டே என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அவற்றில் பெற்ற தகப்பனையும் அதே சொல்லால் குறிப்பார்கள். போர்த்துக்கேயத்தில் தகப்பனுக்கு 'பாய்' என்று வேறு சொல் இருக்கிறது. 'பாத்ரெ' குருவுக்கு மட்டும். நம்மிடம் வந்ததும் குரு என்ற பொருளில் மட்டும். வரலாறும் ஒலியும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிக் கிரியோல் (கலப்பு மொழி) பேசத் தெரிந்த பறங்கியர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நாலாம் படியில் சொன்ன முறையில் கேளுங்கள்.

ஆமதுருவுக்கு அதிக தூரம் போக வேண்டாம். சிங்களத்தின் 'ஹாமுதுரு', 'ஹாமு' என்றால் எசமான். கப்புகனார் கொஞ்சம் சிக்கல். மண்டூர் முருகன் கோயிலில் வாய் கட்டிப் பூசை செய்பவர் கப்புகனார். கதிர்காமத்தில் வாய் கட்டிப் பூசை செய்பவர் சிங்களத்தில் கப்புறாளை. சொல்லும் செயலும் ஒத்துவருவதால் உறவு இருக்கிறது என்று எழுதலாம். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இந்த ஒற்றுமை மட்டும் நிரூபிக்காது. திசை தெரியாத இடத்தில் அம்புக்குறி போடாதீர்கள்; இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு கோடு போதும்.

9. ஒலிமாற்றத்துக்கு இணைச்சொல் காட்டுங்கள்

'பாத்ரெ' எப்படிப் 'பாதிரி' ஆயிற்று? 'த்ரெ' என்ற கூட்டு தமிழ் வாய்க்கு ஒத்துவராததால் நடுவில் ஓர் இகரம் புகுந்தது, ஈற்றிலும் இகரம் வந்தது. சரி, இது நீங்கள் சொல்வது. சான்று? 'மெஸ்த்ரெ' மேஸ்திரி ஆனதைக் காட்டுங்கள். அதே ஈறு, அதே மாற்றம். 'க்ரூஸ்' குருசு ஆனதில் கூட்டொலி உடைந்ததையும் சேர்க்கலாம். கதிரை, அலுமாரி, சப்பாத்து, நத்தார் எல்லாம் அதே கப்பலில் வந்தவை என்பதால் வேறு இணைகளும் அகப்படும்.

இணைச்சொல் இல்லாத ஒலிமாற்றம் வெறும் ஊகம். 'லெப்பை'க்குப் பலர் சொல்லும் விளக்கம், ஹஜ்ஜில் முழங்கும் 'லப்பைக்' என்பதிலிருந்து வந்தது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஈற்றுக் 'க்' எங்கே போனது? மெய்யில் முடியும் வெளிச்சொல்லுக்கு நாம் வழமையாக உகரம் சேர்ப்போம், மெய்யை விழுங்குவது குறைவு. இதே மாதிரி ஈறு விழுந்த இன்னும் இரண்டு அரபுச் சொல் காட்டினால் விளக்கம் பலப்படும். காட்டும்வரை 'சொல்லப்படும் விளக்கம்' என்ற பெயரில் எழுதுங்கள்.

மோதினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாங்கு சொல்பவரைக் குறிக்கும் அரபின் 'முஅத்தின்' தான். ஒலியும் கிட்ட, பொருளும் அதே.

10. பொருள் வந்த பாதை

ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. மூலப்பொருளிலிருந்து இன்றைய பொருளுக்கு நடந்து வரக்கூடிய பாதை வேண்டும். குருமாரைக் குறிக்கும் சொற்களில் இது பெரும்பாலும் நாலைந்து பாதைக்குள் அடங்கும். தகப்பன்: பாதிரி, பாதர், 'ஐயன்' என்பதற்கும் தந்தை என்ற பொருள் உண்டு. எசமான்: சுவாமி, ஹாமுதுரு; 'மௌலவி'யின் உள்ளே இருக்கும் 'மௌலா'. மூத்தவர்: தேரர், பாளியின் 'தேர'. படிப்பிப்பவர்: குரு, போதகர். செய்யும் வேலை: மோதின், கதீப், பூசாரி. 'பிக்கு'வுக்குப் பாளியில் இரந்து உண்பவர் என்ற பொருள்.

உங்கள் விளக்கம் இவற்றில் ஒன்றுக்குள் விழுந்தால் நம்பகம் கூடும். விழாவிட்டால் பிழை என்று அர்த்தமில்லை, ஆனால் கூடுதல் சான்று வேண்டும். 'லப்பைக்' விளக்கம் இங்கேயும் கொஞ்சம் தடுமாறுகிறது. ஒரு முழக்கம் எப்படி ஆளின் பெயராகி, பிறகு ஓதிக்கொடுப்பவரின் பட்டமாயிற்று என்று இடைப்படிகளைக் காட்ட வேண்டும்.

கட்டாடிக்கு ஒரு பாதை தெரிகிறது. அகப்பாடல் மரபில் 'கட்டு' என்றால் குறி பார்த்தல், பார்ப்பவள் கட்டுவிச்சி. தெய்வம் ஏறி ஆடி வாக்குச் சொல்பவர் கட்டாடி என்றால் பொருள் கூடிவருகிறது. பேயைக் 'கட்டு'பவர் என்றும் சொல்லலாம். நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் பதிவில் இரண்டையும் எழுதுவேன்.

மரியாதையும் பாதையில் ஏறி இறங்கும். தேரர் என்பது தேவாரத்தில் பௌத்தரைச் சாடும் இடத்தில் வரும் சொல். இன்றைய தமிழ்ப் பத்திரிகையில் அதே 'தேரர்' முழு மரியாதைப் பட்டம். பழைய தொனியை இன்றைய சொல்லில் ஏற்றாதீர்கள்.

11. காலம்: வந்த நாளும் இடமும்

இங்கே வழமையான பிழை ஒன்று: 'மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஆகவே பாதிரி என்ற சொல் 1628இல் வந்தது.' ஒல்லாந்தர் அந்தக் கோட்டையை 1638இல் பிடித்துவிட்டார்கள். பத்து வருடம். அதற்கு வெகுமுன்பே, 1542இல், தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் சவேரியார் தமிழர் நடுவே வேலை தொடங்கிவிட்டார். சொல் அங்கே தமிழாகி, தமிழ் வாய்கள் வழியாகவே இங்கே வந்திருக்க இடமுண்டு. கடன் கொடுத்த மொழி எது என்பது ஒரு கேள்வி, எங்கள் ஊருக்கு எவ்வழியாக வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

'போதகர்', 'பாஸ்டர்' எல்லாம் வேறு படை. மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். சீர்திருத்தச் சபைச் சொற்களுக்குத் தேதி தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் அருமையான சான்று, ஆனால் பங்குத்தந்தையின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அவற்றில் இருக்கும் குடும்பப் பெயர்களைப் படியெடுக்கவும் கூடாது.

12. பதிவை எழுதுவது

கட்டுரையாக நீட்டாமல் முதலில் அகராதிப் பதிவாகச் சுருக்குங்கள். சுருக்கும்போதுதான் ஓட்டை தெரியும். 'பாதிரி'க்கு இப்படி வரும்:

பாதிரி (பெயர்). வடிவங்கள்: பாதிரியார், பாதிரிமார். பொருள்: கிறிஸ்தவக் குரு. வழக்கு: பேசப்படும் சொல், விளிக்கப் பயன்படாது, விகுதியின்றி வந்தால் மரியாதைக் குறைவு, சபைக்கு வெளியே உள்ளவர் வாயில் அதிகம். நேர் விளி: பாதர், சாமி. மூலம்: போர்த்துக்கேயம் 'பாத்ரெ', குரு. ஒலி இணை: மேஸ்திரி. அயல்: சிங்களம் 'பாதிலி'. வேறு சொல்: பாதிரி, மரம். உறுதி: உயர்.

'உறுதி' என்ற கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விடாதீர்கள். உயர், நடு, குறை என்ற மூன்றில் ஒன்று. லெப்பைக்குப் பொருளில் 'உயர்', மூலத்தில் 'குறை' என்று பிரித்துப் போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாக்குப்போக்காக 'அறிஞர்கள் கருதுகின்றனர்' என்று எழுதுவதுதான் கூடாது. எந்த அறிஞர் என்று ஆசிரியர் கேட்பார்.

இழிசொல்லாக வழங்கும் பெயர்களும் உங்கள் அட்டையில் வந்து சேர்ந்திருக்கும். மறைக்க வேண்டாம், ஆனால் 'இழிவழக்கு' என்று தெளிவாகக் குறித்து, எந்த ஊர், எந்தச் சமூகம் சொன்னது என்பதைப் பொது வெளியில் சொல்லாமல் விட்டுவிடுங்கள். அந்த இரண்டு விபரமும் சேர்ந்தால் சொல்லாராய்ச்சி சண்டைக்குச் சாட்சியாகிவிடும்.

முடித்த பதிவை அச்சுக்குக் கொடுக்குமுன், சொல்லைத் தந்த ஆட்களில் இரண்டு பேருக்காவது வாசித்துக் காட்டுங்கள், முடிந்தால் அந்தக் குருவுக்கும். வேரைப் பற்றி அவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். 'வழக்கு' வரியில்தான் கை வைப்பார்கள்: "அப்பிடியில்ல மனே, எங்கட ஊரில சின்னப் புள்ளையள்தான் அப்பிடிச் சொல்லுற." அதை ஒரு புது அட்டையில் எழுதி, மூன்றாம் படியின் கட்டில் சேருங்கள்.